மக்கள்தொகை கணக்கில் 2.1-க்கு ஏன் இவ்வளவு மவுசு? தமிழ்நாடு எங்கே நிற்கிறது?

தொகுதி மறுவரையறை பேச்சு வரும்போதெல்லாம் கூடவே அடிபடும் சொல் டிஎஃப்ஆர். தமிழில் மொத்த கருவுறுதல் விகிதம். அப்படின்னா? ஒரு பெண் தன் வாழ்நாளில் சராசரியாக எத்தனை குழந்தை பெறுவார் என்ற கணக்கு, அவ்வளவுதான்.

இது 2.1 ஆக இருந்தால் ஒரு தலைமுறையின் இடத்தை அடுத்த தலைமுறை அப்படியே நிரப்பும். அம்மா, அப்பா இருவருக்கு இரண்டு பிள்ளைகள் போதாதா, அந்த 0.1 எதுக்கு? பிறக்கும் குழந்தைகளில் ஆண்கள் சற்று அதிகம். பிறந்த பெண் குழந்தைகள் எல்லோரும் தாயாகும் வயது வரை பிழைப்பதும் இல்லை. அந்தக் குறையை ஈடுகட்டத்தான் இது. சிசு மரணம் அதிகமுள்ள நாடுகளில் 2.1 கூட பத்தாது.

2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவின் விகிதம் 2.0. பீகார் 3.0. தமிழ்நாடு 1.8.

அப்போ தமிழ்நாட்டில் ஜனத்தொகை குறையுதா?

இல்லை. பலரும் குழம்புவது இங்கேதான். 2005-06 ஆய்விலேயே தமிழ்நாடு 1.8-க்கு வந்துவிட்டது. ஆனாலும் 2001-ல் 6.24 கோடியாக இருந்த மக்கள்தொகை 2011-ல் 7.21 கோடி ஆனது. வேகமாகப் போகும் லாரி பிரேக் போட்ட இடத்திலேயே நிற்காது இல்லையா? வீட்டுக்கு நாலைந்து பிள்ளைகள் இருந்த காலத்தில் பிறந்தவர்கள் வளர்ந்து பெற்றோர் ஆகும்போது, ஆளுக்கு ஒன்றிரண்டு பெற்றாலும் மொத்தப் பிறப்பு இறப்பைவிட அதிகமாகவே இருக்கும். இதற்குப் பெயர் மக்கள்தொகை உந்தம். அந்தத் தலைமுறைக்கு வயதாகி இறப்பு கூடும்போதுதான் எண்ணிக்கை இறங்கும். வெளிமாநிலங்களில் இருந்து வருவோர் கணக்கு தனி.

இதில் எம்.பி. சீட் எங்கே வந்தது?

மக்களவைத் தொகுதிகளின் எண்ணிக்கை 1971 கணக்கெடுப்போடு நிறுத்தி வைக்கப்பட்டது. குடும்பக் கட்டுப்பாட்டில் ஜெயித்த மாநிலம் அதற்காகவே சீட்டை இழக்கக் கூடாது என்பதுதான் காரணம். விளைவு, 2011 கணக்குப்படி தமிழ்நாட்டில் ஒரு எம்.பி.க்கு சுமார் 18.5 லட்சம் பேர், பீகாரில் 26 லட்சம் பேர். ஒரு ஓட்டுக்கு ஒரே மதிப்புதானே என்று பீகார் கேட்டால் அதிலும் நியாயம் இருக்கு. இந்தத் தடையை, 2026-க்குப் பிறகு எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பு வரை நீட்டித்தது 84-வது அரசியல் சட்டத் திருத்தம்.

தமிழ்நாட்டின் பயத்துக்கு முன்கதையும் உண்டு. 1962 தேர்தலில் இங்கே 41 தொகுதிகள். 1961 கணக்கெடுப்புக்குப் பின் நடந்த மறுவரையறையால் 1967-ல் அது 39 ஆனது. இன்றும் அதே 39தான்.