வார்ப்புரு: வட அமெரிக்கப் பழங்குடிக் களஞ்சியங்களில்

பலர் கூடி எழுதும் களஞ்சியத்தில் கட்டுரைகள் எல்லாம் ஒரே ஒழுங்கில் அமைய முன்கூட்டியே வகுத்துவைக்கும் பொது அமைப்பு வார்ப்புரு எனப்படும். தலைப்புப் பெயர், மொழிக்குடும்பம், வாழிடம், மக்கள்தொகை, பிறர் இட்ட பெயர்கள் என அதில் கட்டங்கள் இருக்கும். அவற்றை நிரப்புவது கட்டுரையாளர் வேலை; வகுப்பதும் காலத்துக்கேற்பத் திருத்துவதும் பதிப்பாசிரியர் வேலை. வட அமெரிக்கப் பழங்குடிகளைப் பற்றிய தொகுப்புகளில் இப்பணிக்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. கட்டம் இருந்த செய்திகள் சேர்ந்தன; கட்டம் இல்லாதவை பெரும்பாலும் விடுபட்டன.

முதல் படிவங்களில் குறிப்பிடத்தக்கது தாமஸ் ஜெபர்சனுடையது. எல்லாப் பழங்குடி மொழிகளிலும் ஒரே சொற்களைக் கேட்டெழுதினால் அம்மொழிகளின் உறவு புலப்படும் என்று அவர் கருதினார்; அதற்காக ஆங்கிலச் சொற்கள் ஒருபுறமும் வெற்றிடம் மறுபுறமுமாகத் தாள் அச்சிட்டுப் பலருக்கு அனுப்பினார். 1791 ஜூனில் லாங் தீவின் பூஸ்படக் குடியிருப்புக்கு ஜேம்ஸ் மேடிசனுடன் சென்று உன்கெச்சாக் மொழிச் சொற்களைத் தாமே குறித்துக்கொண்டார். அம்மொழி அறிந்தவர் மூவரே எஞ்சியிருந்தனர், மூவரும் முதிய பெண்கள் என்ற குறிப்பும் அத்தாளில் உள்ளது. அந்த மொழியை மீட்க முயலும் உன்கெச்சாக் மக்களுக்கு இன்று அதுவே முக்கியமான ஆதாரங்களில் ஒன்று. 1809இல் குடியரசுத் தலைவர் பதவிக்காலம் முடிந்து ஜெபர்சனின் உடைமைகள் ஊருக்குப் போகும் வழியில், ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாகச் சேர்த்த சொற்பட்டியல்கள் இருந்த பெட்டி ஜேம்ஸ் ஆற்றில் களவு போனது. உள்ளே வெறும் காகிதம் என்று கண்ட திருடன் அவற்றை ஆற்றில் வீசிவிட்டான். சேறு படிந்த சில தாள்கள் கரை ஒதுங்கின. அவை பிலடெல்பியாவிலுள்ள அமெரிக்கத் தத்துவக் கழகத்திற்குச் சென்றன.

இதன்பின் ஆல்பர்ட் காலட்டின் மொழிவழி வகைப்பாட்டை 1836இல் வெளியிட்டார். ஜார்ஜ் கிப்ஸ் தொகுத்த கள வழிகாட்டியை ஸ்மித்சோனியன் நிறுவனம் 1863இல் அச்சிட்டது.

மிகுதியான சான்றுகள் கிடைப்பது 1873 முதல் 1910 வரையிலான காலத்துக்கு. ஜான் வெஸ்லி பவல் 1877இல் வெளியிட்டு 1880இல் விரிவாக்கிய மொழி ஆய்வு வழிகாட்டி உண்மையில் ஒரு படிவ நூல். உடலுறுப்பு, உடை, வீடு, விலங்கு என்று பொருள்வாரியாகப் பிரித்த பட்டியல்கள், எதிரே எழுத வெற்றிடம், உறவுமுறைப் பெயர்களுக்குத் தனி விளக்கப்படங்கள். பள்ளி ஆசிரியர், படை அதிகாரி, மதபோதகர் என யார் கையிலும் கொடுத்து நிரப்பி வாங்கலாம். 1879இல் ஸ்மித்சோனியனின் கீழ் பவல் தலைமையில் இனவியல் அலுவலகம் அமைந்தபோது தாள்கள் குவிந்தன. குவியலோடு பெரிய சிக்கல் ஒன்றும் வந்தது. ஒரே மக்களுக்கு ஸ்பானியர் ஒரு பெயரும் பிரெஞ்சுக்காரர் இன்னொன்றும் அண்டைக் குடியினர் வேறொன்றும் இட்டிருந்தனர். அச்சுப்பிழைகள்கூடத் தனிக் குடிகளாக உலவின.

இதைத் தீர்க்க எழுந்ததே பெயர்நிரல்: ஒரு குடிக்கு வழங்கிய எல்லாப் பெயர்களையும், எழுதியவர், ஆண்டு ஆகியவற்றோடு ஓரிடத்தில் திரட்டும் பட்டியல். ஓட்டிஸ் மேசன் இப்பணியை 1873இல் தொடங்கி வேறு பணிகளால் கைவிட்டார். பணி காரிக் மாலரியிடம் சென்றபோது அவர் மனம் சைகைமொழியிலும் படஎழுத்திலும் ஊன்றிவிட்டது. அதே 1873இல் இண்டியானா மாநிலத்தின் ரிச்மண்டில் ஜேம்ஸ் மூனி என்ற பன்னிரண்டு வயதுச் சிறுவன் தன் போக்கில் இத்தகைய பட்டியல் ஒன்றைத் தொடங்கியிருந்தான். மேற்கு அரைக்கோளம் முழுவதையும் தழுவிய அப்பட்டியலைப் பற்றி அலுவலகத்துக்கும், அலுவலகத்தின் வேலையைப் பற்றி மூனிக்கும் நெடுநாள் தெரியாது. 1885இல் மூனி பணியில் சேர்ந்தபோது இரண்டு பட்டியல்களும் ஒன்றாயின. எந்த அலுவலகமும் ஏவாமல் ஒரு சிறுவன் செய்த வேலை அரசின் பெருநூலுக்கு அடித்தளங்களுள் ஒன்றானது இவ்வரலாற்றின் அரிய செய்திகளுள் ஒன்று.

பணியை மேற்பார்த்த ஹென்றி ஹென்ஷா பறவையியலாளர். உயிரினப் பெயரிடலில் மூத்த பெயருக்கே முன்னுரிமை தரும் விதி மொழிக்குடும்பங்களுக்கும் இங்கே வந்தது. 1836க்கு முந்திய நூல்களின் பெயர்கள் கணக்கில் வாரா. குடும்பப் பெயர்கள் எல்லாம் ஒரே விகுதியில் முடியவேண்டும். இவ்விதிகளோடு 58 மொழிக்குடும்பங்களைப் பட்டியலிட்ட வகைப்பாடு 1891இல் பவலின் பெயரில் வந்தது. அதில் ஹென்ஷாவின் பங்கு எவ்வளவு, பவலின் பங்கு எவ்வளவு என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஹென்ஷாவுக்கே பெரும்பங்கு சேரும் என்பார் பலர். தம் சொந்தப் பெயர் என்னவென்று அந்தந்தக் குடியினரைக் கேட்டு எழுதும் விதி இவ்விதிகளுள் இல்லை.

ஹென்ஷாவுக்குப் பின் பொறுப்பேற்ற பிரெடரிக் வெப் ஹாட்ஜ், பெயர்நிரலை முழுமையான அகரவரிசைக் கையேடாக வளர்த்தார். மெக்சிகோவுக்கு வடக்கே வாழ்ந்த பழங்குடிகளைப் பற்றிய அந்நூல் 1907இலும் 1910இலும் இரு பகுதிகளாக வெளிவந்தது. பெயர், அதன் பொருள், மொழிக்குடும்பம், இருப்பிடம், வரலாறு, உடன்படிக்கைகள், மக்கள்தொகை, ஊர்கள் என்று கட்டுரை செல்லும். இறுதியில் சிற்றெழுத்தில் பெயர்நிரல். பெரிய குடிகளுக்கு அது பத்திபத்தியாக நீளும். அச்சுப்பிழையால் பிறந்த வடிவங்களையும் நீக்காமல், பிழை என்று குறித்தே சேர்த்திருக்கிறார்கள். பழைய நூலில் விசித்திரமான ஒரு பெயரைக் கண்டு திகைப்பவர் இப்பட்டியலைப் பிடித்துக்கொண்டே உரிய மக்களிடம் போய்ச் சேரலாம். இவ்வளவு பொறுமையான தொகுப்பு பிற்காலத்தில் அரிது. டஸ்கரோரா மரபினரான ஹியூவிட், ஒமாஹா குடியினரான பிரான்சிஸ் லா பிளெஷ், பாக்ஸ் குடியினரான வில்லியம் ஜோன்ஸ் ஆகியோரும் இதில் எழுதினர். ஆயினும் படிவம் வாஷிங்டனில் வகுத்த படிவமாகவே இருந்தது.

குடி என்ற அலகே எல்லா இடத்துக்கும் பொருந்தவில்லை. கலிபோர்னியாவில் சில ஊர்கள் சேர்ந்ததே தனித்த அரசியல் சமூகமாக இருந்ததால் ஆல்பிரட் குரோபர் அதற்குச் ‘சிறுகுடி’ என்ற பொருளில் புதுச்சொல் ஆக்கவேண்டியதாயிற்று. போமோ என்ற ஒரே தலைப்பின்கீழ் ஒருவருக்கொருவர் விளங்காத ஏழு மொழிகள் அடங்கின.

1913இல் கனடா தன் எல்லைக்குட்பட்ட பகுதிகளைத் தனிநூலாக்கியது. 1946 முதல் தென் அமெரிக்கக் கையேடும், 1964 முதல் நடு அமெரிக்கக் கையேடும் வந்தன. 1952இல் ஜான் சுவான்டன் குடிகளின் பட்டியலைச் சுருக்கித் தந்தார்.

வில்லியம் ஸ்டர்டிவன்ட் தலைமையில் 1960களில் திட்டமிட்ட புதிய வட அமெரிக்கக் கையேடு 20 தொகுதிகளாக வரவிருந்தது. முதலில் வெளிவந்தவை 1978இல் 8ஆம், 15ஆம் தொகுதிகள். தென்மேற்குக்குரிய இரு தொகுதிகளைத் தெவா மொழி பேசும் புவெப்லோ சமூகத்தவரான அல்போன்சோ ஒர்டிஸ் பதிப்பித்தார். எல்லாத் தொகுதிகளுக்கும் ஒரே ஒலியெழுத்து முறை, ஒரே வரைபட நடை. எல்லைகளை அறுதியான சான்றாகக் கொள்ளக்கூடாது என்ற எச்சரிக்கை நிலப்பரப்பு வரைபடத்துடனேயே அச்சானது. குடிக் கட்டுரைகளின் இறுதியில் பெயர்நிரலும் தொடர்ந்தது; அவற்றுள் பல மொழியியலாளர் ஐவ்ஸ் கோடார்டின் கைவண்ணம். எஸ்கிமோ என்ற பெயர் ‘பச்சை இறைச்சி உண்போர்’ என்ற பொருளில் வந்தது என்னும் நெடுநாள் நம்பிக்கையை அவர் மறுத்து, பனிக்காலணி பின்னுவோரைக் குறித்த சொல்லே மூலம் என வாதிட்டார். அறிஞர் பலர் இதை ஏற்பினும் பழைய விளக்கம் இன்னும் வழக்கில் உள்ளது. அப்பெயரை விரும்பாத இன்யூட் மக்களுக்கு இவ்வாய்வு விடையாகாது.

அச்சு நின்ற இடத்தில் பெயர்கள் நிற்கவில்லை. 1983இல் வந்த 10ஆம் தொகுதி பாபகோ என்று எழுதிய மக்கள் 1986இல் தொஹொனோ ஓதம் என்ற சொந்தப் பெயரை அரசியலமைப்பில் ஏற்றனர். 15ஆம் தொகுதியில் வின்னபேகோ எனப்பட்டோருள் விஸ்கான்சின் பிரிவினர் 1994 முதல் ஹோ-சங்க் என்றே அழைக்கப்படுகின்றனர். நெப்ராஸ்காவிலுள்ள பிரிவினரின் அதிகாரப்பூர்வப் பெயர் இன்றும் வின்னபேகோவே. ஸ்டர்டிவன்ட் 2007இல் மறைந்தார். இகோர் குருப்னிக் பதிப்பித்த முதல் தொகுதி 2022இல் வந்தது. 16 தொகுதிகள் வெளிவந்துள்ளன. தொழில்நுட்பமும் காண்கலையும் பற்றிய 16ஆம் தொகுதியும், 18 முதல் 20 வரையிலானவையும் வரவில்லை. ஹாட்ஜின் பெயர்நிரல்களுக்குத் துணையாகியிருக்கக்கூடிய பெருஞ்சுட்டியும் அவ்விடுபட்டவற்றுள் ஒன்று.

2001இல் தொடங்கிய விக்கிப்பீடியாவில் 2004 முதல் வார்ப்புருக்களுக்குத் தனிப் பெயர்வெளி உண்டு. பொது வார்ப்புருவில் செய்யும் ஒரு திருத்தம் அதைப் பயன்படுத்தும் பக்கங்கள் எல்லாவற்றிலும் உடனே தோன்றும். பெயர் மாற்றத்தை விரைந்து ஏற்க இது உதவுகிறது. வின்னபேகோ போல ஒரு பிரிவினர் மட்டும் பெயர் மாற்றிய நேர்வில் தவறும் அதே விரைவில் பரவும். 2016இல் ஆங்கில விக்கிப்பீடியர் இனக்குழுக் கட்டுரைகளின் தகவற்பெட்டியில் தனிமனிதர் படத்தொகுப்புகளை வைப்பதில்லை என முடிவு செய்தனர்.

மாறுபட்ட முறை ஒன்று, பழங்குடிச் சமூகங்களின் பதிவுகளோடு இணைக்கும் மரபறிவு முத்திரைகள். முத்திரையின் சின்னம் பல சமூகங்களுக்கும் பொது. கீழுள்ள வாசகத்தை அந்தந்தச் சமூகமே எழுதும். மெய்ன் மாநிலத்தில் 1890இல் ஜெஸ்ஸி வால்ட்டர் பியூக்ஸ் மெழுகு உருளைகளில் பதிந்த பாசமகுவாடி மக்களின் பாடல்களையும் கதைகளையும் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 2018இல் அச்சமூகத்தின் முத்திரைகளோடு வெளியிட்டது. பயன்படுத்துவோர் யாரைக் குறிப்பிடவேண்டும், வணிகத்துக்குப் பயன்படுத்தலாமா என்பவற்றை அம்முத்திரைகள் சொல்கின்றன.