மணலில் எழுதிய பாடம்

கல்வியியலில் முதுகலைப் பட்டப்படிப்பில் சேர்ந்தபோது, 'கல்வித் தொழில்நுட்பவியல்' என்னும் பாடத்தையே நான் மிகுந்த ஆவலோடு எதிர்நோக்கியிருந்தேன். கணினி, தொலைக்காட்சி, செயற்கைக்கோள் ஆகியவற்றைப் பற்றிய பாடம் அது என்பது என் எண்ணம். அக்காள்மடத்துக் கடற்கரையில் மீனவக் குடும்பத்தில் பிறந்து, எங்கள் வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவன் நான். அக்கருவிகளையெல்லாம் கற்றறிந்து எங்கள் ஊர்ப் பிள்ளைகளிடம் கொண்டு சேர்க்க வேண்டும் என்பதே என் கனவாக இருந்தது.

ஆனால் அப்பாடத்தின் வரலாற்றுப் பகுதியில் வந்த ஒரு சிறு செய்தி என் எண்ணத்தைத் திருப்பிவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தெங்கும் பரவிய ஒரு கற்பித்தல் முறைக்குச் 'சென்னை முறை' என்று பெயர். அதன் முதற்கருவி மணல்! மணலிலேயே தவழ்ந்து வளர்ந்த எனக்கு அச்செய்தி வியப்பையும் சற்றே நாணத்தையும் தந்தது.

ஆண்ட்ரூ பெல் என்பவர் ஸ்காட்லாந்து நாட்டினர். ஆங்கிலிக்கன் திருச்சபைக் குரு. 1789ஆம் ஆண்டில் சென்னை எழும்பூரில் இருந்த படைவீரர் மக்களுக்கான அநாதை இல்லத்தின் கண்காணிப்பாளரானார். ஒரு நாள் காலையில் குதிரைமீது சென்றுகொண்டிருந்தபோது, உள்ளூர்ப் பள்ளியொன்றில் சிறுவர்கள் தரையில் மணலைப் பரப்பி, விரலால் எழுத்துகளை எழுதிப் பழகுவதைக் கண்டார். தம் இல்லத்திலும் அவ்வாறே கற்பிக்குமாறு ஆசிரியரிடம் கூறினார். ஆசிரியரோ அது இயலாது என்று மறுத்தார். பெல் மனம் தளரவில்லை. எட்டு வயதுச் சிறுவன் ஒருவனைச் சிறியவர்களுக்கு ஆசிரியனாக்கினார். பெரியவரால் இயலாது என்று தோன்றியதைச் சிறுவன் செய்து காட்டினான்.

1797இல் இலண்டனில் பெல் தம் அனுபவத்தை நூலாக வெளியிட்டார். ஜோசப் லங்காஸ்டர் என்பவரும் அந்நகரில் இதையொத்த பள்ளியை நடத்தினார். இருவருடைய முறைகளும் பல நாடுகளுக்குப் பரவின. 1832இல் மறைந்த பெல், அரசர்களும் புலவர்களும் உறங்கும் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அவருக்கு வழிகாட்டிய அந்தத் திண்ணைப் பள்ளி ஆசிரியரின் பெயரை இன்று எவரும் அறியார்!

மாணவரே மாணவருக்குக் கற்பிப்பது நம் கடற்கரைக்கும் புதிதன்று. 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த தூய பிரான்சிஸ் சவேரியார் மணியடித்துச் சிறுவர்களைக் கூட்டினார். செபங்களைத் தமிழில் கற்பித்தார். கற்றதை வீட்டாருக்கும் அண்டை அயலாருக்கும் சொல்லிக்கொடுக்கப் பணித்தார். இதை அவருடைய மடல்களே கூறுகின்றன. அவருக்குப் பின் வந்த இயேசு சபைக் குரு அண்டிரிக் அடிகளார், 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்னும் நூலைத் தமிழ் எழுத்துகளில் அச்சிட்டார். அச்சு அந்நாளின் புதிய கருவி. ஆனால் அதற்கு முன்பே கற்கும் மக்கள் இருந்தனர். சொல்லிக்கொடுக்கும் பிள்ளைகளும் இருந்தனர்.

பழமையைப் போற்றும்போது அதன் குறையை மறைத்தல் நேர்மையாகாது. 1822இல் ஆளுநர் தாமஸ் மன்றோ ஆணையிட்டுத் தொகுத்த கணக்கின்படி, சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. ஏறத்தாழ ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி. இது பெருமைக்குரியதே. ஆயினும் அப்பள்ளிகளில் பெண் குழந்தைகள் மிகச் சிலரே. ஒடுக்கப்பட்டோர் பலருக்கு அந்தத் திண்ணை எட்டாத உயரத்தில் இருந்தது. இங்கிலாந்து சென்ற சென்னை முறைக்கும் வேறொரு குறை நேர்ந்தது. குறைந்த செலவில் நூற்றுக்கணக்கானோரை ஒரே கூடத்தில் அடைத்து ஒப்பிக்கவைக்கும் இயந்திரமாக அது மாறிற்று. அன்பு குன்றியதும் முறையும் உயிரிழந்தது. அந்நூற்றாண்டின் நடுப்பகுதியில் அங்கே அது கைவிடப்பட்டது.

நம் காலத்துக் கருவிகளின் கதையும் இதுவே அன்றோ? 1975 ஆகஸ்டு முதல் ஓராண்டுக் காலம், ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 சிற்றூர்களுக்குச் செயற்கைக்கோள் வழியே கல்வி ஒளிபரப்பு நடைபெற்றது. 2004 செப்டம்பர் 20 அன்று, கல்விக்கென்றே உருவாக்கப்பட்ட எடுசாட் செயற்கைக்கோள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து விண்ணில் ஏவப்பட்டது. அப்போது குடியரசுத் தலைவராக இருந்தவர், எங்கள் தீவில் பிறந்த அப்துல் கலாம் அவர்கள். 2019 ஆகஸ்டில் தமிழக அரசின் கல்வித் தொலைக்காட்சியும் தொடங்கியது. இவையனைத்தும் பாராட்டுக்குரியனவே.

எனினும் 2020இல் பள்ளிகள் மூடப்பட்டபோது நான் கண்ட காட்சி ஒன்று உண்டு. எங்கள் தெருவில் ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி. வீட்டில் இருந்ததோ ஒரே கைப்பேசி. ஆபத்துக்கு உதவும் என்று அதைத் தந்தை கடலுக்கு எடுத்துச் சென்றுவிடுவார். பாடம் வரும் வேளையில் கைப்பேசி கடல்மேல் இருக்கும். பிள்ளை கரையில் இருப்பாள். அடுத்த வீட்டில் எட்டாம் வகுப்புப் படித்த அக்காள்தான் அவளுக்குக் கைகொடுத்தாள். மாலைதோறும் படகுகளின் நிழலில் அமர்ந்து, ஈர மணலில் குச்சியால் பின்னக் கணக்கு எழுதிக் காட்டினாள். நாளடைவில் இன்னும் நான்கு பிள்ளைகள் சேர்ந்தனர். அடுத்த ஆண்டு அரசே 'இல்லம் தேடிக் கல்வி' என்று தெருத்தோறும் தன்னார்வலரைத் தேடியபோது, அந்தப் படகு நிழலே என் நினைவுக்கு வந்தது.

புதிய கருவிகள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்தச் சிறுமிக்கும் ஒரு கைப்பேசி கிடைத்திருந்தால் மகிழ்ந்திருப்பேன். ஆனால் அது கிடைத்திருந்தாலும், புரியாத கணக்கைத் திரும்பத் திரும்ப விளக்க ஒரு அக்காள் அவளுக்குத் தேவைப்பட்டிருப்பாள். எங்கள் ஊரின் பெயர் அக்காள்மடம். அடுத்த ஊரின் பெயர் தங்கச்சிமடம். மூத்தவள் இளையவளுக்குக் கைகொடுப்பது எங்கள் ஊர்களின் பெயரிலேயே இருக்கிறது என்று அன்று எண்ணிக்கொண்டேன்.

கணினித் திரைகளைப் பற்றி ஆய்வேடு எழுத எண்ணியிருந்த நான், பிள்ளைகள் ஒருவருக்கொருவர் கற்பிப்பதைப் பற்றி எழுதினேன். கருவியைக் கண்டு வியக்கும்போதெல்லாம் ஒரு கேள்வியையும் கேட்கப் பழகியிருக்கிறேன்: இது எந்தப் பிள்ளைக்கு எட்டவில்லை? அப்பிள்ளையின் அருகே அமரப்போகிறவர் யார்? நம் பங்குகளிலும் தெருக்களிலும் மாலை நேரத்தில் ஓர் அரைமணி ஒதுக்கக்கூடியவர் பலர் உண்டு. மணலில் எழுதியதை அலை அழித்துவிடும். அதைக் கற்ற பிள்ளையிடமிருந்து எந்த அலையும் அதைப் பறிக்க இயலாது.