தலைவழித்த மரக்கால்

என் தாத்தா பண்ணைக் கணக்குப்பிள்ளை. அறுப்புக் காலத்தில் களத்தைவிட்டு அசையமாட்டார். பண்ணைக்குச் சேரவேண்டிய நெல்லை மரக்காலில் கூம்பாகக் குவித்து அளப்பார். கூலி அளக்கும்போது அதே மரக்காலை உள்ளங்கையால் தலைவழித்துவிடுவார். கட்டைவிரலும் உள்ளே இறங்கியிருக்கும். பூச்சிக்கும் தீங்கு நினைக்காத மனிதர் என்றுதான் எங்கள் வீட்டில் அவரைப் பற்றிச் சொல்வோம்.

கீழத்தஞ்சையில் யார் முதலில் கை ஓங்கியது என்று கேட்பவர்களுக்கு நான் அந்தக் கட்டைவிரலைத்தான் சொல்வேன். அதற்கும் மேலே சாட்டை இருந்தது. வேலைக்குப் பிந்தி வந்தால் சவுக்கடி. எதிர்த்துப் பேசினால் சாணியைக் கரைத்துக் குடிக்க வைப்பார்கள். சாணிப்பால் என்று அதற்கொரு பெயர் வேறு!

1943இல் தென்பரையில் விவசாயிகள் சங்கம் தொடங்கியது. கட்டியவர்களில் முதன்மையானவர் பி. சீனிவாசராவ், தென்கன்னடத்துக்காரர். 'அடித்தால் திருப்பி அடி' என்று அவர் சொன்னது சேரி சேரியாகப் பரவியது. சாட்டை விழுந்தபோது பதறாத தாத்தா தலைமுறை இதைக் கேட்டுப் பதறியது. அடுத்த ஆண்டே மன்னார்குடி ஒப்பந்தத்தில் மிராசுதார்கள் சவுக்கடியையும் சாணிப்பாலையும் கைவிட ஒப்புக்கொண்டார்கள். எதிர்க்கை எழும் என்று தெரிந்தபிறகுதான் பேச்சுக்கு வந்தார்கள் என்பது என் கணிப்பு. 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமும் வந்தது.

ஆனாலும் மரக்கால் சண்டை ஓயவில்லை. 1968இல் கூலியாட்கள் கேட்டது அரைப்படி நெல் கூடுதல். டிசம்பர் 25 அன்று பண்ணையார் தரப்பு ஆள் ஒருவர் கொல்லப்பட்டார். அன்றிரவு கீழவெண்மணியில், உயிருக்குப் பயந்து ஒரே குடிசைக்குள் ஒடுங்கிய 44 பேர் தீயில் கருகினார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள்.

தீ வைத்த வழக்கில் கீழ்க்கோர்ட், மிராசுதார் கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்டோருக்குப் பத்தாண்டு சிறை விதித்தது. 1973இல் உயர்நீதிமன்றம் விடுவித்தது. நிலபுலன் உள்ளவர்கள், நாயுடுவோ காரே வைத்திருப்பவர். இப்படிப்பட்டவர்கள் நேரில் போய்த் தீ வைத்திருப்பார்களா என்பது நீதிபதிகளின் ஐயம். கார் வைத்திருந்தால் நெருப்பு வைக்கமாட்டார்களாம்.

1980 டிசம்பரில் நாயுடு வெட்டிக் கொல்லப்பட்டார். அன்று எங்கள் தெருவில் யாரும் உரக்கப் பேசவில்லை. வயல் பக்கம் போய்வந்த அம்மா, "அங்க யாரும் அழலடா" என்றாள், அவ்வளவுதான்.

சாட்டையைப் பிடித்துத் தடுத்த கையை நான் நியாயம் என்பேன், தயங்காமல். பன்னிரண்டு ஆண்டு காத்திருந்து விழுந்த வெட்டை அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அது ஒரு படி கூலியைக்கூடக் கூட்டவில்லை, செத்தவர்களையும் எழுப்பவில்லை. ஆனால் அந்த வெட்டுக்கு வழி திறந்துவிட்டது 1973இன் தீர்ப்பு. கோர்ட் கதவை அப்படிச் சாத்திய பிறகு, தலைவழித்த நெல்லில் வளர்ந்த என்னைப் போன்றவன் வெண்மணிக்காரர்களுக்கு அகிம்சை சொல்லிக்கொடுக்க முடியாது.

தாத்தாவின் மரக்கால் இன்னும் வீட்டில் இருக்கிறது. கல்யாணத்துக்கு மட்டும் எடுத்து, நெல்லைக் கூம்பாக நிரப்பி வைக்கிறோம்.