தாப்பாவும் தாப்பா ரோடும்

புகார் நகரம் மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம் என இரு கூறாக விளங்கியதைச் சிலப்பதிகாரம் கூறுகின்றது. கடலை ஒட்டிய மருவூர்ப்பாக்கத்தில் பண்டசாலைகளும் யவனர் இருக்கைகளும் நெருங்கி நின்றன. பட்டினப்பாக்கத்தில் அரச வீதியும் தேர் வீதியும் அமைந்திருந்தன. இரண்டிற்கும் இடையே மரச்சோலையில் நாளங்காடி கூடியது. கலம் அணையும் துறையையும் மக்கள் உறையும் நகரையும் இணைத்தது அவ்வங்காடியே எனலாம்.

பேரா மாநிலத்துத் தாப்பாவும் இரு கூறுடையதே. ஆயின் இடையே இருப்பது அங்காடியன்று. ஏறத்தாழ 10 கிலோமீட்டர் சாலை. 1893இல் தெலுக் ஆன்சன் துறைமுகத்திலிருந்து இருப்புப்பாதை இடப்பெற்றபோது, ஆங்கிலேயர் நாட்டமெல்லாம் கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈயத்தின்மீதே இருந்தது. 1895இல் பாதை ஈப்போவை எட்டியது. மலையடியில், பத்தாங் பாடாங் ஆற்றங்கரையில் இருந்த தாப்பா ஒதுங்கி நின்றது. மேற்கே எழுந்த நிலையம் ‘தாப்பா ரோடு’ எனப் பெயர் பெற்றது. ஊருக்குச் செல்ல இனியும் சாலை உண்டு என்பதை அப்பெயரே உரைக்கின்றது.

கேமரன் மலைச் சாலை 1930ஆம் ஆண்டளவில் அமைந்தபின் தாப்பா அம்மலைக்கு வாயிலாயிற்று. வாணிகம் சாலையை நாடியது; நிலையத்தருகே சிற்றூரே வளர்ந்தது. தெலுக் இந்தான் எனப் பெயர் மாறிய துறைமுகத்திற்குச் சென்ற கிளைப்பாதையும் 1989இல் மூடப்பட்டது. எனினும் 2010இல் கோலாலம்பூருக்கும் ஈப்போவுக்கும் இடையே மின்தொடர்வண்டி ஓடத் தொடங்கியபின், தாப்பா ரோடு மீண்டும் சிறப்புற்றது.

வண்டி விரைவாக வந்தால் மட்டும் போதுமா? சொந்த ஊர்தி இல்லாத முதியவருக்கும் மாணவருக்கும், இறங்கியபின் உள்ள 10 கிலோமீட்டரே நெடும்பயணம். நிலையத்தைச் சுற்றி வீடும் கடையும் நெருங்கினால்தான் வண்டிக்கு ஆள் சேரும். பிரேசில் நாட்டுக் குரிட்டிபா நகரம் 1970களில் பேருந்துத் தடங்களை ஒட்டியே உயர்ந்த கட்டடங்களை எழுப்பச் செய்தது இக்கருத்துப் பற்றியே. ஆனால் தெரு செம்மையுறாவிடில் அந்நெருக்கமே துன்பமாகும்.

இதற்கு வழி புதிதன்று. 1822இல் இராபிள்ஸ் சிங்கப்பூரில் வகுத்ததும், பின்னர் மலாயா ஊர்களில் பரவியதும், மக்கள் ‘அஞ்சடி’ என வழங்குவதுமான நடைவழி அதுவே. மேலே குடியிருப்பு, கீழே வாணிகம், முன்னே மழையும் வெயிலும் படாத பாதை என்பது கடைவீட்டின் இலக்கணம். தாப்பா ரோட்டில் இனிக் கட்டடங்கள் பெருகுமாயின், அஞ்சடியும் ஊருக்குத் தவறாத பேருந்தும் அவற்றிற்கு முன்னரே அமைதல் வேண்டும். புகாரின் நாளங்காடி செய்த பணியை இங்கே அவை செய்யும்.