சியோல்லால்: திரும்பி வந்த புத்தாண்டு

உடன் வேலை பார்க்கும் கொரியர்களுக்கு ஜனவரி 1-ல் வாழ்த்து சொன்னால் மட்டும் போதாது. சந்திர நாட்காட்டிப்படி வரும் 'சியோல்லால்'தான் அவர்களுக்குப் பெரிய பண்டிகை.

1896-ல் கொரிய அரசு மேலை நாட்காட்டிக்கு மாறியது. 1910 முதல் 1945 வரை ஆண்ட ஜப்பானியர், சியோல்லாலை 'பழைய புத்தாண்டு' என்று ஒதுக்கி ஒடுக்கினர். விடுதலைக்குப் பிறகும் தென்கொரிய அரசு ஜனவரி 1-ஐயே வலியுறுத்தியது. மக்களோ வீட்டில் முன்னோருக்குப் படையலிட்டு, பெரியவர்களை வணங்கி அதை விடாமல் கொண்டாடினர்.

1985-ல் 'நாட்டுப்புற நாள்' என்று ஒருநாள் விடுமுறை கிடைத்தது. 1989-ல்தான் சொந்தப் பெயரும் மூன்று நாள் விடுமுறையும் திரும்பின.

எனவே 'பழைய புத்தாண்டு', 'சீனப் புத்தாண்டு' என்றெல்லாம் சொல்லாமல், சியோல்லால் என்றே சொல்லுங்கள். வாழ்த்து: 'சேஹே போக் மானி பதுசேயோ'. புத்தாண்டில் நிறைய நலம் பெறுங்கள் என்று பொருள்.