உடை மாற்ற ஓர் அறை

அருணா ஷான்பாக் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது கருணைக்கொலை. 2011 மார்ச் 7 அன்று வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. வாழ்வு, சாவு, மனித மாண்பு என்று கனத்த சொற்கள். இந்தச் சொல்லாடலுக்கு அடியில் ஒரு சின்ன விஷயம் நசுங்கிக் கிடப்பதாக எனக்குப் படுகிறது: செவிலியர் உடை மாற்ற ஓர் அறை.

1973 நவம்பர் 27. பம்பாய் கே.இ.எம். மருத்துவமனை. வேலை முடித்த அருணா உடை மாற்றப் போனது கட்டடத்தின் அடித்தளத்துக்கு. அங்கே துப்புரவுப் பணியாள் ஒருவன் நாய்ச் சங்கிலியால் அவர் கழுத்தை இறுக்கினான். மூளைக்கு ரத்தம் போவது தடைப்பட்டது. அப்போது அவருக்கு வயது 25. தாக்குதலுக்கும் கொள்ளைக்கும் மட்டும் அவனுக்கு 7 ஆண்டுச் சிறை. பாலியல் வன்முறை வழக்கில் ஏறவே இல்லை.

குற்றம் அவனுடையது, சரி. ஆனா ஒரு பெண் தனியாக அடித்தளத்துக்குப் போய் உடுப்பு மாத்த வேண்டியிருந்தது யாருடைய ஏற்பாடு? தொழிலாளரின் மாற்றுடையை வைக்க இடம் வேண்டுமென விதி செய்யும் அதிகாரத்தை, 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 43ஆம் பிரிவு மாநில அரசுக்குக் கொடுத்திருந்தது. நோயாளிகள் படுத்திருக்கும் வார்டு அந்தச் சட்டத்தின் கண்ணில் தொழிற்சாலை அல்ல. அங்கே நடப்பது 'சேவை'யாம். சேவை செய்கிறவளுக்கு உடம்பு ஏது, அறை எதுக்கு?

பம்பாய்ச் செவிலியருக்கு இது அப்போதே தெரிந்திருந்தது. வேலைநிறுத்தம் செய்தார்கள். அருணாவுக்கு நல்ல கவனிப்பு, தங்களுக்கு மேம்பட்ட பணிச்சூழல் இரண்டையும் சேர்த்தே கேட்டார்கள். 1980களில் மாநகராட்சி அருணாவை வெளியேற்றப் பார்த்தபோதும் போராடித் தடுத்தார்கள். 2015 மே 18 அன்று அவர் இறக்கும்வரை, 41 ஆண்டுகளுக்கு மேல், தலைமுறை தலைமுறையாக அவரைப் பராமரித்தவர்களும் செவிலியர்தான். 2011 தீர்ப்பு இந்தப் பராமரிப்பை மனமாரப் புகழ்ந்தது. அருணா சார்பில் பேசும் உரிமையும் மருத்துவமனை ஊழியர்களுக்கே என்றது. புகழ்ச்சி நியாயமானதுதான். ஆனால் நம் பொதுநினைவில் தங்கியது அந்தத் தாயுள்ளம் மட்டுமே. கோரிக்கை வைத்த தொழிலாளி காணாமப் போயிட்டா. நாமும்தானே 'சிஸ்டர்' என்று கூப்பிட்டே பழகியிருக்கிறோம்.

2013இல் வந்த, பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான சட்டம்தான் மருத்துவமனையைப் பெயர் சொல்லிப் பணியிடம் என்றது. 2024 ஆகஸ்டில் கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் ஒரு பயிற்சி மருத்துவர் வன்புணர்ந்து கொல்லப்பட்டார். இரவுப் பணிக்கு நடுவே அவர் ஓய்வெடுக்கப் போன இடம் கருத்தரங்கு அறை. அதையொட்டி உச்ச நீதிமன்றம் அமைத்த தேசியப் பணிக்குழு பார்க்க வேண்டியவை என்று ஒரு பட்டியல் தரப்பட்டது. அதில் ஒன்று, மருத்துவர்களுக்கும் செவிலியருக்கும் ஆண் பெண் எனத் தனித்தனி ஓய்வறை.

அடித்தளத்தில் அருணா தாக்கப்பட்டு 50 ஆண்டுகள் கழிந்துவிட்டன. இன்னும் அறை கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்.