அத்தை என்னும் சான்று

அமெரிக்க நகைச்சுவை நடிகை கில்டா ராட்னர் 1989 மே 20 அன்று சினைப்பைப் புற்றுநோயால் காலமானார். அகவை 42. அவர்தம் உறவுப் பெண்டிர் சிலருக்கு முன்னரே அந்நோய் வந்திருந்தது. எனினும் பல மாதம் அவதியுற்ற பின்னரே, 1986இல் அவருக்கு நோய் இன்னதென்று தெரிந்தது.

புற்றுநோய் குடிவழி வரக்கூடும் என்ற ஐயம் பழையது. பிரெஞ்சு அறுவை மருத்துவர் பால் புரோக்கா 1866இலேயே தம் மனைவி குடும்பத்தின் மார்பகப் புற்றுநோய் இறப்புகளைத் தலைமுறை வாரியாக எழுதிவைத்தார். மார்பகப் புற்றும் சினைப்பைப் புற்றும் ஒரே குடும்பத்தில் சேர்ந்து வருவதை 1970களின் தொடக்கத்தில் ஹென்றி லிஞ்ச் எடுத்துக்காட்டினார். கேட்பார் குறைவு. வைரசே காரணம் என்று பலர் தேடிக்கொண்டிருந்த காலம் அது.

மேரி கிளேர் கிங் 1974இல் இத்தேடலில் இறங்கினார். அவர் கையிலிருந்தவை பெரும்பாலும் குடும்பத்தார் சொன்ன கதைகள்: யாருக்கு, எந்த வயதில், என்ன நோய். 23 குடும்பங்களை ஆராய்ந்து, 1990இல் 17ஆம் குரோமோசோமில் அம்மரபணுவின் இடத்தைச் சுட்டினார். சினைப்பைப் புற்றுள்ள குடும்பங்களும் அதே இடத்தையே காட்டுகின்றன என்பது 1991இல் தெளிவாயிற்று. பி.ஆர்.சி.ஏ.1 மரபணு 1994இல் பிரித்தறியப்பட்டது. 13ஆம் குரோமோசோமிலுள்ள பி.ஆர்.சி.ஏ.2 மறு ஆண்டே கிட்டியது.

இவை இரண்டும் டி.என்.ஏ. இழை அறுந்தால் செப்பனிட உதவுபவை. பொதுவாக 100 பெண்களில் ஒருவருக்குச் சற்று மேற்பட்டோரே வாழ்நாளில் சினைப்பைப் புற்றுக்கு ஆளாவர். முதல் மரபணு பழுதுற்றுப் பிறந்தோரில் அது 39 முதல் 58 வரை. இரண்டாவதில் 13 முதல் 29 வரை.

பெண்ணின் நோய் ஆதலால் தாய்வழியை மட்டும் வினவும் வழக்கம் நெடுநாள் இருந்தது. பெரும்பிழை! பழுதுற்ற மரபணு தந்தையிடமிருந்தாலும் மகளுக்கு வர இரண்டில் ஒரு வாய்ப்புண்டு. அவருக்குச் சினைப்பை இல்லை. ஆகவே அவர் உடலில் அது வெளிப்படாது போகலாம். ஆங்கில மருத்துவக் குறிப்பில் 'ஆன்ட்டி' என்று எழுதினால் எந்தப் பக்கம் என மீண்டும் கேட்கவேண்டும். அத்தை என்ற நம் சொல்லில் தந்தையின் உடன்பிறப்பு என்பது அடங்கியிருக்கிறது. ஆயினும் நம் வீடுகளில், 'வயிறு வீங்கி இறந்தாள்' என்பதோடு அவள் கதை முடிந்துவிடுகிறது. அத்தையே இல்லாத தந்தைவழியிலோ, சொல்வதற்கு அதுகூட இல்லை.